எகிப்தில் ஆறு நாள்: கெய்ரோவா, லக்சரா, அபு சிம்பெலா?

எகிப்து போவதென்று முடிவாகிவிட்டால் அடுத்த கேள்வி நாட்களைப் பற்றியதுதான். பெரும்பாலானவர்களுக்குக் கிடைப்பது ஐந்தாறு நாள். டிராவல்ஸ்காரர்கள் தரும் பயணத்திட்டத்தில் அந்த ஆறு நாளுக்குள் எல்லாமே அடங்கிவிடும்: கிஸா பிரமிடுகள், மியூசியம், அதிகாலை விமானத்தில் தெற்கேயுள்ள பழைய கோயில் நகரமான லக்சர், ஒரே பகலில் அங்கே ஐந்து இடங்கள், மறுநாள் நள்ளிரவில் எழுந்து இன்னும் தெற்கே அபு சிம்பெல் பாறைக்கோயில். தாளில் படிக்க நன்றாக இருக்கும். பாலைவன வெயில் மட்டும் அந்தத் தாளில் எங்கேயும் இருக்காது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு நாள்தான் என்றால் அதில் பாதியை லக்சருக்குக் கொடுங்கள். கெய்ரோவைச் சுருக்கலாம், அபு சிம்பெலை விட்டுவிடலாம். லக்சரை ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இந்த முடிவு பொருந்தாதவர்களும் உண்டு. மே மாதத்தில்தான் லீவு கிடைக்கும் என்பவர்கள், முழங்கால் வலியுள்ள பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்கள் போன்றோருக்கு வேறு கணக்கு. அதையும் பார்ப்போம்.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

எந்த இடம் என்பதற்கு முன்னால் எந்த மாதம் என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். லக்சரில் ஜனவரி பகல் சராசரியாக 23 டிகிரி செல்சியஸ், இரவில் ஸ்வெட்டர் தேவைப்படும் குளிர். ஜூன் முதல் ஆகஸ்டு வரை பகல் 41 டிகிரியைத் தொடும். லக்சருக்கும் தெற்கே உள்ள அஸ்வான் அதற்கும் ஒரு படி மேலே. கெய்ரோ வடக்கே இருப்பதால் ஜூலையிலும் 35 டிகிரி அளவில் நிற்கும். ஒரே நாட்டுக்குள் இருக்கும் இந்த வித்தியாசமே பாதி முடிவை எடுத்துவிடுகிறது.

நாமும் வெயில் பார்த்தவர்கள்தானே என்று தோன்றும். ஆனால் அது வேறு வெயில். சென்னையில் சட்டை நனைந்து ஒட்டும்போதே தண்ணீர் குடிக்க வேண்டும் என்று உடம்பு சொல்லிவிடும். லக்சரில் சட்டை நனையவே நனையாது. காற்றில் ஈரமே இல்லாததால் வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துபோகும். தாகம் எடுப்பதற்கு முன்பே தலைவலி வந்துவிடும், குழந்தைகளுக்கு எரிச்சலும் சோர்வும் வந்துவிடும். தண்ணீரைத் தாகத்துக்காகக் காத்திராமல் மணிக் கணக்கு வைத்துக் குடிக்க வேண்டும். பையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் கட்டாயம் இருக்கட்டும். முழுக்கை பருத்திச் சட்டையும், கழுத்தை மறைக்கும் துண்டும், அகல விளிம்புத் தொப்பியும் சன்ஸ்கிரீனைவிட அதிக வேலை செய்யும்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு அரையாண்டு விடுமுறையிலிருந்து பொங்கல் வரையிலான நாட்கள்தான் பொருத்தம். கூட்டமும் கட்டணமும் அப்போது உச்சத்தில் இருக்கும், பரவாயில்லை. நவம்பரும் பிப்ரவரியும் இன்னும் நல்லது. மார்ச் முதல் மே வரை கம்சீன் என்கிற சூடான மணல்காற்று எப்போது வேண்டுமானாலும் கிளம்பும். அன்றைக்குப் பிரமிடு இருக்கும் திசைகூடத் தெரியாமல் போகலாம். ரமலான் மாதமென்றால் பார்வை நேரம் குறைக்கப்படும் என்பதையும் காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கெய்ரோ: புகழ் அதிகம், நாட்கள் குறைவாகப் போதும்

கிஸாவைப் பார்க்காமல் எகிப்திலிருந்து திரும்ப முடியாது. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. கூஃபு மன்னனின் பெரிய பிரமிடு கட்டிய காலத்தில் சுமார் 146 மீட்டர், இப்போது 138 மீட்டர் சொச்சம். ஏறத்தாழ 23 லட்சம் கற்கள், நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள். அடிவாரத்தில் போய் நின்றால் ஒரு வரிசைக் கல்லே நெஞ்சுயரத்துக்கு வரும்போதுதான் அளவு புரியும். ஆனால் அந்தப் புரிதலுக்கு ஒரு காலைப்பொழுது போதும். கிஸாவில் நிழல் என்பதே கிடையாது, பிரமிடுகளின் சுவர்களில் படிக்கவோ பார்க்கவோ சிற்பமும் கிடையாது. பத்து மணிக்குமேல் ஒட்டகக்காரர்கள், குதிரைக்காரர்கள், ‘இந்த இடத்திலிருந்து போட்டோ எடுங்கள்’ என்று கையைப் பிடிப்பவர்கள் எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள். திறந்தவுடன் உள்ளே போய், வெயில் ஏறுவதற்குள் வெளியே வந்துவிடுங்கள். வெயிலில் நாள் முழுக்கச் சுமக்கும் அந்தப் பிராணிகளின் விலாவைப் பார்த்தால் ஏறி உட்கார மனம் வராது. பிரமிடுகளுக்கிடையே போக இப்போது மின்சாரப் பேருந்துகள் இருக்கின்றன, அவையே போதும்.

பிரமிடுக்குள் போகலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். கூஃபுவின் பிரமிடுக்கு உள்ளே போகத் தனி டிக்கெட், விலையும் அதிகம். குனிந்தபடியே ஏறும் குறுகலான வழி, மேலே போகப் போகப் புழுக்கம், உச்சியில் எழுத்தோ ஓவியமோ இல்லாத ஒரு கருங்கல் அறை. உள்ளே போனோம் என்ற அனுபவம்தான் வேண்டுமென்றால் தெற்கே தாஷூரில் இருக்கும் சிவப்புப் பிரமிடுக்குப் போங்கள். கூஃபுவின் தந்தை ஸ்னெஃப்ரு கட்டியது, சுமார் 105 மீட்டர் உயரம். நுழைவுச்சீட்டிலேயே உள்ளே போகும் அனுமதியும் சேர்ந்திருக்கும். கூட்டம் மிகக் குறைவு. படிப்படியாக உள்நோக்கிக் குவிந்து உயரும் அந்த அறைகளின் கூரைக்குக் கீழே சத்தமில்லாமல் நிற்க முடியும். ஆனால் இறங்கும் வழி செங்குத்தானது, மறுநாள் தொடை வலிக்கும். மூச்சுத் திணறல், இதயத் தொந்தரவு உள்ளவர்களுக்கு இரண்டுமே வேண்டாம்.

தாஷூருக்குப் போகும் வழியில் சக்காரா. கி.மு. 27ஆம் நூற்றாண்டில் ஜோசர் மன்னனுக்காக இம்ஹோதெப் கட்டிய படிக்கட்டுப் பிரமிடு அங்கேதான் இருக்கிறது. பிரமிடு கட்டும் வித்தை எங்கே தொடங்கியது, தாஷூரின் வளைந்த பிரமிடில் எங்கே தடுமாறியது, எங்கே கைவந்தது என்று ஒரே நாளில் வரிசையாகப் பார்த்துவிடலாம். வளைந்த பிரமிடின் சரிவு பாதி உயரத்தில் 54 டிகிரியிலிருந்து 43 டிகிரிக்குச் சட்டென்று மாறுவது தூரத்திலிருந்தே தெரியும். அப்படியே ஏற்றினால் நிற்காது என்று கட்டியவர்கள் பாதியில் சரிவைக் குறைத்திருக்கிறார்கள். எனக்கு கிஸாவைவிட இந்த நாள் பிடித்தது.

மிச்சம் மியூசியங்கள். கிஸாவுக்குப் பக்கத்திலேயே உள்ள கிராண்ட் எகிப்தியன் மியூசியம் 2025 நவம்பரில் முறைப்படி திறக்கப்பட்டது. துட்டன்காமன் என்ற மன்னனின் கல்லறையில் கிடைத்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் முதல்முறையாக ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. முழுக்க ஏ.சி. என்பதால் காலையில் பிரமிடு, மதிய வெயிலுக்கு மியூசியம் என்று பிரித்துக்கொள்வதுதான் சரி. அரச மம்மிகள் அங்கே இல்லை. அவை 2021 ஏப்ரலில் ஃபுஸ்தாத் பகுதியிலுள்ள எகிப்திய நாகரிகத் தேசிய மியூசியத்துக்கு ஊர்வலமாகக் கொண்டுபோகப்பட்டன. நம் ஊர்க்காரர்கள் அங்கே ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும் என்பேன். மூன்றாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் இறந்த இரண்டாம் ராம்சேஸின் மூக்குக்குள் மிளகு வைத்துப் பதப்படுத்தியிருந்தார்கள். மிளகு விளைந்தது மேற்குத் தொடர்ச்சி மலைச் சாரலில். பிற்காலத்தில், ரோமானியர் ஆட்சியில், செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் ஏழரைக் கிலோ மிளகோடு ஓர் இந்தியத் தாழியே கிடைத்திருக்கிறது. இன்னொரு துறைமுகமான குசேர் அல் காதிமில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. அந்த மன்னனின் முகத்தை நேருக்கு நேர் பார்க்கும்போது இதெல்லாம் ஞாபகத்தில் இருந்தால் பார்வையே மாறும்.

ஆக, கெய்ரோவுக்கு இரண்டு நாள். கிஸாவும் பெரிய மியூசியமும் ஒரு நாள், சக்காராவும் தாஷூரும் ஒரு நாள். மம்மிகளை வந்திறங்கும் நாளிலோ கிளம்பும் நாளிலோ நுழைத்துவிடலாம்.

லக்சர்: ஏன் மூன்று நாள்

கெய்ரோவிலிருந்து லக்சர் சுமார் 650 கிலோமீட்டர். விமானத்தில் ஒரு மணி நேரம், ரயிலில் ஒன்பது பத்து மணி நேரம். நேரம் குறைவானவர்களுக்கு விமானம்தான். இரவு ரயில் ஒரு விடுதி வாடகையை மிச்சப்படுத்தும், ஆனால் தூங்காத கண்ணோடு மறுநாள் வெயிலில் இறங்க வேண்டும்.

லக்சரில் நைலின் கிழக்குக் கரை கோயில்களுக்கு, மேற்குக் கரை கல்லறைகளுக்கும் இறந்த மன்னர்களின் நினைவுக் கோயில்களுக்கும். கோயில் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கிழக்குக் கரையிலுள்ள கார்னாக் கோயிலில் வழிகாட்டி இல்லாமலே பாதி புரிந்துவிடும். ராஜகோபுரம் போல நிற்கும் நுழைவாயில், திறந்த முற்றம், பிறகு தூண் மண்டபம், உள்ளே போகப் போகத் தரை உயர்ந்து கூரை தாழ்ந்து வெளிச்சம் குறைந்து, கடைசியில் இருண்ட கருவறை. அங்கிருந்த ஆமுன் என்ற தெய்வத்தின் விக்கிரகத்தை ஆண்டுக்கு ஒருமுறை ஓபெத் திருவிழாவில் தெப்பம் போன்ற படகில் எழுந்தருளச் செய்து, தோளில் சுமந்து லக்சர் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். அந்தப் புறப்பாட்டின் பாதைதான் இரு கோயில்களையும் இணைக்கும் 2.7 கிலோமீட்டர் ஸ்பிங்ஸ் சாலை. இருபுறமும் ஸ்பிங்ஸ் எனும் சிங்க உடல் சிலைகள் வரிசையாக இருக்கும். வீடுகளுக்கும் தெருக்களுக்கும் அடியிலிருந்து தோண்டியெடுத்து 2021 நவம்பரில் திறந்தார்கள்.

கார்னாக்கின் தூண் மண்டபத்தில் 134 தூண்கள். நடுவில் இரு வரிசையாக நிற்கும் பன்னிரண்டு தூண்கள் 21 மீட்டர் உயரம். காலை ஆறு மணிக்குத் திறந்தவுடன் உள்ளே போய்விட்டால், நடுப்பகுதியின் உயரத்தில் எஞ்சியிருக்கும் கல் ஜன்னல்கள் வழியாக வெளிச்சம் சாய்வாக இறங்குவதைப் பார்க்கலாம். தூண்களின் அடியைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அண்ணாந்து, மேலே கிடக்கும் உத்தரங்களின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மழையும் வெயிலும் படாத அந்த இடத்தில் நீலமும் சிவப்பும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எட்டு மணிக்குப் பிறகு பேருந்துகள் வந்து இறங்கிவிட்டால் நின்று பார்க்க இடம் கிடைக்காது.

லக்சர் கோயிலைப் பகலில் பார்க்கவே வேண்டாம். இரவு வரை திறந்திருக்கும், விளக்கு போட்டிருப்பார்கள், சூடும் தணிந்திருக்கும். வாசலில் ஒரே ஓர் ஒபிலிஸ்க் தூண் நிற்கும். அதன் ஜோடி 1836 முதல் பாரிஸ் நகரின் நடுவில் நிற்கிறது. உள்ளே முற்றத்தில் அபு ஹக்காக் மசூதியின் பழைய வாசல், ஆள் எட்டாத உயரத்தில் சுவரில் தொங்குவது போல இருக்கும். கோயில் மண்ணில் புதைந்து கிடந்த காலத்தில் அதுதான் தரைமட்டம். எவ்வளவு மண்ணை அள்ளியிருக்கிறார்கள் என்பதை அந்த வாசற்படி காட்டிவிடும்.

மேற்குக் கரைக்கு இரண்டு காலைகள் வேண்டும். ஒரே காலையில் அடைக்கிறவர்கள்தான் லக்சர் அலுத்துவிட்டது என்று சொல்கிறார்கள். மன்னர்களின் கல்லறைகளைக் குடைந்த மன்னர் பள்ளத்தாக்கு ஒரு சுண்ணாம்புக்கல் கிண்ணம். பத்து மணிக்குமேல் சுற்றியுள்ள பாறையெல்லாம் சூட்டைத் திருப்பி அடிக்கும். கல்லறைக்குள் போனால் குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நூற்றுக்கணக்கானவர்கள் மூச்சுவிடும் அறைகளில் புழுக்கம்தான் இருக்கும். அதனால் ஆறு மணிக்கு வாசலில் நில்லுங்கள்.

அறுபதுக்கும் மேற்பட்ட கல்லறைகளில் திறந்திருப்பவை மாறிக்கொண்டே இருக்கும். பொது டிக்கெட்டில் மூன்று பார்க்கலாம். துட்டன்காமன், முதலாம் சேத்தி, ஆறாம் ராம்சேஸ் மூவருக்கும் தனித்தனிச் சீட்டு. இங்கேதான் பலரும் காசைத் தப்பான சீட்டில் செலவிடுகிறார்கள். 1922இல் கண்டெடுத்த துட்டன்காமன் கல்லறை மிகச் சிறியது, பொருட்களெல்லாம் கெய்ரோவுக்குப் போய்விட்டன. மம்மி மட்டும் அங்கேயே படுத்திருக்கிறது. அதற்காகவே போகிறவர்கள் போகலாம். ஒரே ஒரு கூடுதல் சீட்டு என்றால் ஆறாம் ராம்சேஸ் கல்லறைக்கு எடுங்கள். சவப்பெட்டி வைத்த அறையின் கூரை முழுக்க வானத்துத் தெய்வமான நூத் இரட்டை உருவமாக நீண்டு கிடக்கிறாள். மாலையில் சூரியனை விழுங்கி, இரவெல்லாம் உடலுக்குள் சுமந்து, விடியலில் பெற்றெடுக்கிறாள். அந்தச் சிவப்பு வட்டங்களை அவள் உடம்பு நெடுகப் பின்தொடர்ந்து எண்ணிக்கொண்டே போகலாம். சேத்தியின் கல்லறை வேலைப்பாட்டில் எல்லாவற்றையும் மிஞ்சும், விலையிலும் அப்படியே. சிற்பத்தில் நிஜமான ஈடுபாடு உள்ளவர்களுக்கு அது செலவே அல்ல.

பொதுச் சீட்டின் மூன்றில் ஒன்றை நான்காம் ராம்சேஸுக்கு வையுங்கள். சரிவு மெதுவானது, படிகள் குறைவு, வயதானவர்களுக்கு ஏற்றது. மூன்றாம் துத்மோஸ் கல்லறைக்குப் பாறைப் பிளவில் இரும்புப் படி ஏறி, மறுபடி ஆழமாக இறங்க வேண்டும். கால் பலமுள்ளவர்கள் விடக்கூடாதது. கோட்டோவியமாக வரைந்த உருவங்கள் பாப்பிரஸ் எனும் நாணல்தாளின் பெரிய சுருளை விரித்துச் சுவரில் ஒட்டியது போல இருக்கும்.

ஹத்செப்சுத் அரசியின் கோயில் கிழக்கு பார்த்தது, பின்னால் செங்குத்துப் பாறை. காலை வெயில் முழுவதும் அதன் மேல்தான் விழும். பள்ளத்தாக்கு முடிந்தவுடனே அங்கே போய்விடுங்கள், ஒன்பதரை மணிக்குள். இரண்டாம் தளத்தில் இடது பக்கம் பூந்த் நாட்டுக் கடற்பயணச் சிற்பங்கள் உள்ளன. சாம்பிராணி மரங்களை வேரோடு கூடையில் வைத்துத் தூக்கி வருகிறார்கள். கப்பலுக்கடியில் செங்கடல் மீன்கள் இனம் சொல்லும் அளவுக்குத் துல்லியமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன.

இரண்டாவது காலையை தேர் எல்-மதினாவுக்கும் மதினத் ஹாபுவுக்கும் வையுங்கள். இவை டிராவல்ஸ்காரர் பட்டியலில் பெரும்பாலும் இருக்காது. தேர் எல்-மதினா மன்னர் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்களின் ஊர். மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆட்சியாண்டில் தானியக் கூலி தாமதமானபோது இவர்கள் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள். எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் இதுதான், அதைப் பதிவு செய்த பாப்பிரஸ் இத்தாலியின் டூரின் நகரில் இருக்கிறது. அந்த ஊரைச் சேர்ந்த சென்னெஜெம் தனக்காக வரைந்துகொண்ட கல்லறை ஒரு சின்ன அறை, அவ்வளவுதான். வெள்ளை உடையில் அவரும் மனைவியும் மறுமையில் ஏர் உழுகிறார்கள், கதிர் அறுக்கிறார்கள், கீழே மரங்களில் பழம் தொங்குகிறது. வண்ணம் நேற்றுப் பூசியது போல இருக்கிறது. மன்னர்களின் சுவரில் தெய்வங்களும் பாம்புகளும், இந்தத் தொழிலாளியின் சுவரில் வயல். எகிப்தில் எனக்கு மிகப் பிடித்த அறை இது.

மதினத் ஹாபு அதே மூன்றாம் ராம்சேஸின் கோயில். எழுத்துகளை விரல் நீளத்துக்கு ஆழமாக வெட்டியிருக்கிறார்கள். பின்னால் வரும் மன்னன் தேய்த்து அழித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்காக என்பார்கள். கூட்டம் இருக்காது, உட்கார நிழல் உண்டு. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு மேற்குக் கரையிலேயே வசதியான இடம் இதுதான்.

விடியலில் பலூனில் பறப்பதை எல்லாரும் பரிந்துரைப்பார்கள். பாலைவனமும் பச்சை வயலும் கத்தியால் கோடு போட்டதுபோலப் பிரிவது மேலிருந்துதான் தெரியும். ஆனால் பலூனில் ஏறினால் அன்றைய குளிர்ந்த இரண்டு மணி நேரம் போய்விடும். 2013இல் இங்கே நடந்த பலூன் விபத்தில் 19 பேர் இறந்ததையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

அபு சிம்பெலுக்கு ஒரு நாள் தகுமா?

தகும், எட்டு நாள் இருப்பவர்களுக்கு. லக்சரிலிருந்து அஸ்வான் ரயிலில் மூன்று மணி நேரத்துக்கு மேல். அஸ்வானிலிருந்து அபு சிம்பெல் சாலையில் ஏறத்தாழ 280 கிலோமீட்டர். அதிகாலை நான்கு மணி வாக்கில் கிளம்பி, மூன்றரை மணி நேரம் பாலைவனத்தில் போய், இரண்டு மணி நேரம் பார்த்து, அதே வழியில் திரும்ப வேண்டும். விமானமும் உண்டு, காசு கூடும்.

பாறையைக் குடைந்த நான்கு இரண்டாம் ராம்சேஸ் உருவங்கள், ஒவ்வொன்றும் சுமார் 20 மீட்டர். அஸ்வான் அணையின் நீர் விழுங்கிவிடக் கூடாது என்று 1964 முதல் 1968 வரை யுனெஸ்கோ முயற்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக அறுத்து, பழைய இடத்தைவிட 65 மீட்டர் உயரத்தில் மறுபடி பொருத்தினார்கள். பழங்காலத்திலேயே உடைந்து விழுந்த ஓர் உருவத்தின் தலையைக்கூட, விழுந்து கிடந்தபடியே காலடியில் வைத்திருக்கிறார்கள். அந்த நேர்மைக்காகவே போய்ப் பார்க்கலாம். பிப்ரவரி 22, அக்டோபர் 22 தேதிகளில் சூரிய ஒளி கருவறை வரை போகும். கூட்டமும் அன்றைக்கு அப்படியே இருக்கும்.

ஆனால் ஆறு நாளில் இதைச் சேர்த்தால் வெட்டுப்படுவது லக்சரின் இரண்டாவது காலைதான். தேர் எல்-மதினாவை விட்டுக்கொடுத்து அபு சிம்பெலை வாங்குவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். அஸ்வான் வரை போகிறவர்கள் பாதி நாளில் ஃபிலே தீவுக் கோயிலையும், வெட்டும்போதே விரிசல் விட்டதால் குவாரியிலேயே கைவிடப்பட்ட 42 மீட்டர் ஒபிலிஸ்கையும் பார்க்கலாம். ஃபிலேயில்தான் கி.பி. 394இல் நமக்குத் தெரிந்த கடைசி ஹைரோகிளிஃப் (எகிப்தியப் பட எழுத்து) கல்வெட்டு வெட்டப்பட்டது.

நடக்க முடியாத பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்களுக்கு மட்டும் என் யோசனை மாறும். சக்காரா, தாஷூரை விட்டுவிட்டு லக்சருக்கும் அஸ்வானுக்கும் இடையே ஓடும் நைல் கப்பலில் மூன்று இரவு எடுங்கள். பெட்டியை ஒரே அறையில் வைத்துவிடலாம், கோம் ஓம்போ கோயிலின் பக்கத்திலேயே கப்பல் நிற்கும், எட்ஃபு கோயிலுக்குக் கப்பலிலிருந்து கொஞ்ச தூரம் வண்டியில் போனால் போதும், மதிய வெயிலில் மேல்தளத்து நிழலில் கரையைப் பார்த்துக்கொண்டு வரலாம். பெரிய கோயில்களில் மிக முழுசாகக் கூரையோடு நிற்பவற்றில் எட்ஃபுவும் ஒன்று, கி.மு. 237 முதல் 57 வரை கட்டியது. மேற்குக் கரையை ஒரே காலையில் முடிக்க வேண்டிவரும், பெரியவர்களுக்கு அதுவே போதும்.

டிக்கெட் கவுன்டர்கள் பலவற்றில் கார்டுதான் வாங்குகிறார்கள், வெளிநாட்டில் செல்லும் கார்டு கையில் இருக்கட்டும். கல்லறைக் காவலர்களுக்கும் கழிப்பறை வாசலிலும் கொடுக்கச் சில்லறை நோட்டு தனியாக வேண்டும். பக்‌ஷீஷ் என்று கை நீட்டுவது அங்கே சாதாரணம், வேண்டாமென்றால் ‘லா ஷுக்ரன்’ என்று சொல்லிவிட்டு நடந்துவிடலாம். சைவக்காரர்களுக்குக் கொஷரி எங்கேயும் கிடைக்கும்: சோறு, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே தக்காளிக் குழம்பும் பொரித்த வெங்காயமும். வயிறு நிறையும், விலையும் குறைவு.

மே, ஜூனில்தான் லீவு என்றால் விகிதத்தைத் திருப்பிப் போடுங்கள். கெய்ரோவில் நான்கு நாள், மதியமெல்லாம் மியூசியங்களில். லக்சருக்கு இரண்டு நாள் மட்டும், காலை ஆறு முதல் ஒன்பதரை வரை வெளியே, பிறகு அறைக்குத் திரும்பித் தூங்கி, ஏழு மணிக்குமேல் லக்சர் கோயில். அந்த இரண்டு காலைகளில் ஒன்றைக் கார்னாக்குக்கும் மற்றதை மன்னர் பள்ளத்தாக்குக்கும் கொடுங்கள். அஸ்வான் பக்கம் அந்த மாதங்களில் போகவே வேண்டாம்.